நான் நிறுத்திய நெல்

1. கை நடுங்குமா?

வேலையில் சேர்ந்த முதல் நாள் டாக்டர் என்னிடம் சர்டிபிகேட் எதையும் கேட்கவில்லை. "கை நடுங்குமா?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் அல்ல. தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் போகிற வழியில் அப்போது ஒரு சின்ன நெல் ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. அதன் தலைவர் அவர். பயிர் இனவிருத்தியில் பட்டம் வாங்கியவர் என்பதால் பண்ணையில் எல்லோருக்கும் அவர் டாக்டர்தான். அது அறுபதுகளின் நடுப்பகுதி. நான், கிரேஸ், பி.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு ஃபீல்டு அசிஸ்டென்ட்டாக வந்திருந்தேன். அப்பா கிழக்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பெண் டீச்சராவாள், இல்லாவிட்டால் நர்ஸாவாள் என்று எங்கள் சர்ச்சில் எல்லோரும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். சேற்றில் இறங்கப் போகிறேன் என்றதும் என் அத்தை ஒருத்தி, படிக்க வைத்ததெல்லாம் இதற்குத்தானா என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா எனக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்தார்.

கை நடுங்காது என்றேன். டாக்டர் ஒரு தொட்டிச் செடியை முன்னால் இழுத்து வைத்து, ஒரு சின்னக் கத்தரிக்கோலையும் ஃபோர்செப்ஸையும் நீட்டினார்.

நெல் பூ தனக்குத் தானே மகரந்தம் போட்டுக்கொள்ளும். இரண்டு ரகத்தைச் சேர்க்க வேண்டுமானால், தாயாக வைத்திருக்கும் கதிரில் பூ திறப்பதற்கு முந்தின சாயங்காலமே ஒவ்வொரு நெல்லின் நுனியையும் வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் உடையாமல் எடுத்துவிட வேண்டும். ஐந்தை எடுத்து ஒன்றை விட்டால் எல்லாம் வீண். கதிருக்குக் காகிதப் பை மாட்டி வைத்து, மறுநாள் காலையில் அப்பன் ரகத்தின் மகரந்தத்தை அதன்மேல் தட்டவேண்டும். பூ வாய் திறந்திருப்பது ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஆபீஸில் பத்து மணிக்கு அட்டென்டன்ஸில் கையெழுத்துப் போட வேண்டிய நேரமும் அதுதான். பூவுக்கு அது தெரியாது. அதனால் என் சர்வீஸ் முழுக்க லேட் மார்க் வாங்கியிருக்கிறேன்.

அன்றைக்கு முப்பது பூவில் நான்கைக் கெடுத்தேன். டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை. நான் முதல் நாள் முப்பதும் கெடுத்தேன்," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. இருந்தும்விட்டேன்.

2. நோய் வளர்க்கும் பாத்தி

எங்கள் வேலை என்ன என்று வெளியாட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். மற்ற பண்ணையில் பயிருக்கு நோய் வராமல் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் வரவழைப்போம்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த குட்டை நெல் நல்ல மகசூல் கொடுத்தது. உரம் போட்டாலும் சாயாது. ஆனால் பனிக்காலம் வந்தால் குலை நோய் விழும். இலையில் கண் மாதிரி புள்ளி வரும், பிறகு இலையே கருகும். கதிர் வந்த பிறகு விழுந்தால் இன்னும் மோசம். கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து, மணி பிடிக்காமல் வெள்ளையாகத் தொங்கும். வெட்டினால் வைக்கோல்தான் மிஞ்சும். நம் நாட்டு ரகங்கள் சில அந்த நோயைத் தாங்கும், ஆனால் மகசூல் சுமார். இரண்டையும் சேர்த்து, நிறைய விளைந்து நோயும் தாங்குகிற ஒன்றை எடுக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

தாங்குகிறதா என்று பார்க்கத் தனியாகப் பாத்தி உண்டு. பரீட்சைக்கு வந்த நெல்லை ஒரு முழ நீளத்துக்கு வரிசை வரிசையாக விதைப்போம். சில வரிசைக்கு ஒரு தடவையும் பாத்தியைச் சுற்றியும், நோய் சட்டென்று பிடிக்கிற ரகம் ஒன்றை விதைப்போம். அதற்கு ஸ்ப்ரெடர் என்று பெயர். நோய் பட்ட இலையை நறுக்கி இந்த ஸ்ப்ரெடர் மேல்தான் தூவுவோம். சாயங்காலம் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கால் மூடுவோம். நோய் அதில் பிடித்துப் பெருகி, பக்கத்து வரிசைகளுக்குத் தாவ வேண்டும். பிறகு ஒன்றிலிருந்து ஏழு வரை மார்க். ஒன்று என்றால் சுத்தம், ஏழு என்றால் செத்தது. மூன்று வரைதான் டாக்டர் பாஸ் போடுவார்.

பாத்தி வேலையெல்லாம் கன்னியம்மாவின் செட் பார்த்துக்கொள்ளும். எட்டுப் பெண்கள், அதற்கு அவர் தலைவி. பக்கத்து ஊர்தான். நாற்று நடுவதில் அவர் கையை அடிக்க ஆள் கிடையாது. நோய்ப் பாத்தியை மட்டும் அவருக்குப் பிடிக்காது.

"இன்னா கிரேஸம்மா இது, நல்லா கீற பயிர நீங்களே சாகடிக்கிறீங்க. யார்னா பாத்தா எங்களத்தான் காறித் துப்புவாங்க," என்பார்.

"அதுல சாகாததுதான்க்கா நமக்கு வேணும்," என்பேன்.

"இன்னாவோ போங்க," என்று வெற்றிலையை மாற்றி வைத்துக்கொள்வார்.

3. முந்நூற்றுப் பதினெட்டு

என் கையால் நான் செய்த சேர்க்கைகளில் ஒன்று, பல பருவம் பிரித்துப் பிரித்துத் தேர்ந்தெடுத்த பிறகு, 318 என்ற எண்ணோடு நின்றது. பெயரெல்லாம் வெளியிடும்போதுதான் வைப்பார்கள். அதுவரை எண்தான். அட்டையில் பென்சிலால் எழுதிக் கட்டுவோம். இங்க் என்றால் முதல் மழையிலேயே ஓடிவிடும்.

318 இடுப்பளவு உயரம். கதிர் நீளம். ஒவ்வொரு நெல் நுனியிலும் சிவப்பாக ஒரு பொட்டு. ஆயிரம் கட்டு நெல்லுக்கு நடுவில் போட்டாலும் அதை நான் கண்டுபிடித்துவிடுவேன். மகசூல் வயலில் அது பக்கத்து ரகங்களை எல்லாம் தள்ளிவிட்டு முன்னால் நின்றது. டாக்டர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். அவர் சந்தோஷம் அவ்வளவுதான் வெளியே தெரியும். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அத்தனை பெருமை.

அந்த வருடம் விவசாயிகள் தினத்தன்று ஊர்க்காரர்கள் வந்து வயலைச் சுற்றிப் பார்த்தார்கள். இதில் ஒரு வழக்கம் உண்டு. பார்க்கிற சாக்கில் பிடித்த கதிரை ஒன்றிரண்டு உருவி வேட்டி மடியில் முடிந்துகொள்வார்கள். செய்யக்கூடாதுதான். நாங்கள் வேறு பக்கம் பார்ப்போம், அவர்களும் நாங்கள் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வார்கள்.

முடிச்சூர் முனுசாமி 318 பக்கத்திலிருந்து நகரவே இல்லை. மூன்று ஏக்கர் ஏரிப் பாசன நிலம் வைத்திருந்தவர். முந்தின பனிக்கு அவர் வயலில் குட்டை நெல் பாதி கருகிப் போயிருந்தது.

"அம்மா, இந்த நெல்ல எப்ப குடுப்பீங்க?"

"நோய்ப் பரீட்சை ஒண்ணு பாக்கி இருக்கு அண்ணா. பாஸானா அடுத்த பருவம் உங்க வயல்லயே போட்டுப் பாக்கலாம்."

"பாஸ் பண்ணாம எங்க போவுது. மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே," என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

4. கத்தரிப்பூ நிறம்

பனி நன்றாக விழுந்த மார்கழி அது. நோய்ப் பாத்தியில் ஸ்ப்ரெடர் எல்லாம் கருகி, பரீட்சை வரிசைகளில் ஐந்தும் ஆறும் ஏழுமாக மார்க் விழுந்துகொண்டிருந்தது. 318 வடக்கு மூலையில், கடைசி வரிசை. ஒரு புள்ளி கிடையாது. அதற்கு ஒன்று போட்டார் டாக்டர். அதுவரை அந்தப் பண்ணையில் குட்டை நெல் எதுவும் ஒன்று வாங்கியதில்லை.

விவசாயிகள் வயலுக்குப் போகவேண்டிய ரகங்களின் பட்டியல் மறுநாள் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதில் எங்கள் பண்ணைக்கு ஒரே ஒரு இடம். டாக்டர் 318 என்று எழுதிவிட்டார். இரண்டாவதாக நின்றது என்னோடு வேலை பார்த்த வெங்கடேசனின் 291. மகசூல் கொஞ்சம் குறைவு. நோயில் இரண்டு. வெங்கடேசன் நல்ல மனுஷன். எனக்கு டீக்கடையிலிருந்து பன் வாங்கிக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படும்முன் இன்னொரு தடவை பாத்திக்குப் போனேன். மார்க் எல்லாம் போட்டாயிற்று. எதற்குப் போனேன் என்று கேட்டால், ரசிக்கத்தான். அதை மறைப்பானேன். குடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு மண்டியிட்டு 318-இன் இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்து ஸ்ப்ரெடர் வரிசையின் அடித்தண்டு கண்ணில் பட்டது. கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

எங்கள் ஸ்ப்ரெடருக்கு அடித்தண்டு பச்சை. கத்தரிப்பூ நிறம் எங்களிடம் ஒரே ஒரு ரகத்துக்குத்தான். நோய் லேசில் தொடாத நாட்டு நெல் அது. மூலையைச் சுற்றிலும் எண்ணிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அதுவேதான். சுத்தமான இலையோடு நின்றது. வாடைக்காற்று வேறு அந்த மூலையிலிருந்து உள்ளே வீசுமே தவிர, உள்ளேயிருந்து மூலைக்கு வராது. 318 நோயைத் தாங்கவில்லை. நோய் அதனிடம் சரியாக வரவே இல்லை.

குடையை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தேன். கன்னியம்மா ஏரி மதகில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆமா, அங்க எலி தின்னுட்டுப் பூட்சி. சொட்டை மாரி கெடந்துச்சி. பெரிய ஆபீசர் வந்து பாக்கற எடம், அதுவும் உங்க நெல்லு பக்கத்துல. அசிங்கமா இருக்கக்கூடாதுன்னு நாந்தான் மிச்ச நாத்துல நல்லதாப் பாத்து வெச்சேன். ஏன், சரியா வரலயா?"

காலியாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்தால் அந்தக் கை சும்மா இருக்காது. இருபது வருஷப் பழக்கம். எனக்காகப் பார்த்துப் பார்த்து நட்டிருக்கிறார். நானோ "யாரைக் கேட்டு வெச்சீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. அதற்கு இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டேன். அன்றே கேட்டிருக்க வேண்டும்.

5. பென்சில்

அன்று வீட்டுக்கு நடந்து வந்த வழி முழுக்க எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். உண்மையிலேயே அது தாங்கும் நெல்லாகவும் இருக்கலாமே. அதன் அப்பன் நாட்டு ரகம்தானே. எல்லாப் பாத்தியிலும் ஏதோ ஒரு மூலை இப்படித்தான் இருக்கும். யாருக்கும் தெரியாது. இத்தனை பருவ வேலை, ஆறு ஆறாக நான் எடுத்துப் போட்ட மகரந்தப் பைகள், என் பெயர் ஒரு ரகத்தோடு போகிற ஒரே சந்தர்ப்பம். தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. எலெக்ட்ரிக் ரயில் போகும் வரை நின்றேன். முனுசாமி மூன்று ஏக்கரிலும் அதைப் போட்டு, அது மாசிப் பனியில் கழுத்து ஒடிந்து நிற்பது மாதிரி ஒரு காட்சி வந்தது. கேட் திறந்தது. என் வக்கீல் அதற்குமேல் பேசவில்லை.

மறுநாள் டாக்டர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் பாத்திக்கு வந்தார், குனிந்து பார்த்தார், திரும்பி நடந்தார். அறைக்கு வந்ததும் கேட்டார்.

"இது யாருக்குத் தெரியும்?"

"கன்னியம்மாவுக்குத் தெரியும் சார். ஆனா அது தப்புன்னு அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப உங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சுது."

"ஆமா சார்."

"மறுபடி டெஸ்ட் பண்ண அடுத்த பனி வரைக்கும் வெயிட் பண்ணணும். லிஸ்ட் இன்னிக்குப் போகணும்."

"தெரியும் சார்."

அவர் பட்டியலை என் பக்கம் தள்ளி, பென்சிலையும் மேலே வைத்தார். "உங்க நெல்லு. நீங்களே அடிங்க."

அடித்தேன். மேலே 291 என்று எழுதினேன். கை நடுங்கியது. முதல் நாள் சொன்ன பதில் பொய்யாகிவிட்டது. டாக்டர் அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே வந்து பம்ப் செட் அறையில் உட்கார்ந்து அழுதேன். மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

விஷயம் தெரிந்ததும் முனுசாமி பண்ணைக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, நல்லா இருந்த நெல்ல நிறுத்திட்டீங்களாமே?"

"நோய் தாங்குமான்னு உறுதியாத் தெரியல அண்ணா. தெரியாம உங்ககிட்ட எப்படிக் கொடுக்கறது?"

"உங்களுக்கு இன்னாம்மா, அடுத்த வருசம் பாப்போம், அதுக்கு அடுத்த வருசம் பாப்போம்னு உக்காந்துகினு இருக்கலாம். எங்களுக்கு வயிறு ஒரு வருசம் நிக்குமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

6. நாலு மார்க்

அடுத்த பனிக்கு 318-ஐப் பாத்தியின் நடுப்பகுதியில் இரண்டு இடத்தில் விதைத்தேன். ஸ்ப்ரெடர் வரிசையைத் தினமும் இரண்டு தடவை எண்ணினேன். நோய் இலையை என் கையாலேயே நறுக்கித் தூவினேன், மற்ற ஸ்ப்ரெடர் வரிசைக்கு ஒரு பங்கென்றால் 318-க்குப் பக்கத்து வரிசைக்கு இரண்டு பங்கு. ஒரு இடத்தில் மூன்று விழுந்தது. இன்னொரு இடத்தில் நான்கு.

மூன்றென்றால் பாஸ். நான்கென்றால் ஃபெயில். இரண்டும் ஒரே நெல்.

"நாலுதானே கிரேஸ். ஒரு மார்க்ல என்ன வந்துடப் போகுது? நான்னா விட்டிருப்பேன்," என்றான் வெங்கடேசன். ஆறுதலுக்குத்தான் சொன்னான். டாக்டர், சந்தேகமென்றால் நிறுத்து என்றார். 318-இன் விதை தகர டப்பாவுக்குள் போயிற்று. 291 பெயர் வாங்கிக்கொண்டு விவசாயிகள் கைக்குப் போயிற்று.

அடுத்த இரண்டு வருடமும் என் மனசு ஒரு நிலையில் இல்லை. நோயில் செத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நாலு என்பது செத்ததும் இல்லை, பிழைத்ததும் இல்லை. அநியாயமாக ஒரு நல்ல நெல்லைக் கொன்றுவிட்டோமா என்ற கேள்வி, டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் வந்தது. பண்ணையில் அதற்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. எந்த நெல்லையும் இரண்டு இடத்தில் விதைக்காமல் மார்க் போடக்கூடாது என்று டாக்டர் ஆர்டர் போட்டார். எலி தின்ற இடத்தில் கன்னியம்மா ஒரு குச்சி நட்டுவிட்டு என்னை வந்து கூப்பிடுவார். "சொட்டை கீது, வந்து பாத்துக்கோ," என்பார், கொஞ்சம் முறைப்போடு. பழைய கோபத்தை அவர் கடைசி வரை முழுசாக விடவில்லை. அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

7. முனுசாமி கொண்டுவந்தது

எழுபதுகள் பிறந்துவிட்டன. ஒரு தை மாதக் காலை, பனி விலகாத நேரம். முனுசாமி சைக்கிளில் வந்து இறங்கினார். கேரியரில் ஈரத் துண்டில் சுற்றி ஒரு கட்டு. என் மேஜை மேலேயே வைத்துப் பிரித்தார்.

கதிர்கள். கழுத்து கறுத்து, ஒடிந்து, வெள்ளையாகத் தொங்கின. கையில் எடுத்தால் எடையே இல்லை.

"இது இன்னா நெல்லுன்னு தெரியுதாம்மா?"

நுனியில் சிவப்புப் பொட்டு இருந்தது. மணி பிடிக்காத உமியிலும் அந்தப் பொட்டு இருந்தது. எனக்குத் தெரியாதா.

"அன்னிக்கி விவசாயிகள் தினத்துல நாலு கதிரு மடியில முடிஞ்சுகினு போனேன். வெதைச்சி, அதுல வந்தத மறுபடி வெதைச்சி, இந்த வருசம் கெணத்தாண்ட கீற ஒரு துண்டுல மட்டும் போட்டேன். எல நல்லாத்தான் இருந்துச்சி. நீங்கதான் வேணும்னே நிறுத்திட்டீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேன். கதிர் வந்துச்சி, பனி வுழுந்துச்சி, பத்து நாள்ல இப்பிடி ஆயிட்சி."

எங்கள் பாத்தியில் நாங்கள் பார்த்தது இளம்பயிரின் இலையைத்தான். கழுத்தில் விழும் நோயை அது காட்டாது. இலையில் நாலு வாங்கிய நெல், கழுத்தில் ஏழு வாங்கியிருந்தது.

"மிச்ச நிலம் அண்ணா?" என்றேன்.

"மிச்சத்துல நீங்க குடுத்த அந்த வெங்கடேசன் சார் நெல்லுதான் போட்டேன். பக்கத்துலயேதான் கீது. ஒண்ணும் ஆவல. நின்னுகினு கீது." ஒடிந்த கதிர் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "அன்னிக்கி நீங்க குடுத்திருந்தீங்கன்னா மூணு ஏக்கர்லயும் இதத்தான் போட்டிருப்பேன். என்னப் பாத்து ஊரே போட்டிருக்கும். அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். அறுவடை ஆள் காத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டார். கட்டைத் திரும்ப எடுத்துப் போகவில்லை.

அதில் ஒரு கதிரை எடுத்து, பென்சிலால் 318 என்று அட்டை எழுதிக் கட்டி, டாக்டர் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

ரிடயரான அன்று பண்ணையில் எனக்கு விழா வைத்தார்கள். நான் கை வைத்த ரகங்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். நல்ல ரகங்கள், பெருமைதான். 318 அந்தப் பட்டியலில் இல்லை. என்னைக் கேட்டிருந்தால் அதைத்தான் முதலில் படிக்கச் சொல்லியிருப்பேன். அந்தக் கதிர் இன்னமும் என்னிடம் இருக்கிறது. பென்சில் எழுத்து அழியவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் ஏதாவது சொல்லுங்கள் மேடம் என்கிறார்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றுதான் எனக்குத் தெரியும். பாத்தியில் உங்கள் வரிசை ரொம்ப அழகாக நின்றால், மார்க் போடுமுன் மண்டியிட்டுப் பக்கத்து வரிசையின் அடித்தண்டைப் பாருங்கள்.